எலி வளையானாலும் தனி வளை வேண்டும்

(தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வாரத்தில் நமக்குக் கிடைப்பது ஒரே ஓர் ஓய்வு நாள். அந்த நாளையும் விட்டுக்கொடுத்து இந்தக் கொட்டகையை நிறைத்திருக்கிறீர்கள். வெளியே மழை பெய்கிறது. உள்ளே மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஒழுகும் கூரையின் கீழே நின்றுகொண்டு வீட்டைப்பற்றிப் பேசுவது பொருத்தம்தான். சுருக்கமாகப் பேசவே விரும்புகிறோம். ஆனால் விஷயம் பெரியது. ஆகவே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

நமது தோட்டத்தின் கீழ் டிவிஷன் கைமாறப் போகிறது. அங்கே மரம் போகும், லயமும் போகும். மேல் டிவிஷனில் வேலை தொடரும். கீழ் டிவிஷன் லயங்களில் இருப்பவை 84 குடும்பங்கள். அந்தக் குடும்பங்களுக்கு நிர்வாகம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. பட்டணத்து ஓரத்தில் ஐந்து மாடிக் கட்டடம். வீடு ஒன்றுக்கு 60,000 வெள்ளி. ஓராண்டில் கையில் சாவி. அந்த இடம் இங்கிருந்து 30 கிலோமீட்டர். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். போன மாதம் செயற்குழுவில் இந்த யோசனை வந்தபோது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் எங்களில் பலர் எண்ணினோம். "எத்தனை காலமாக வீடு வீடு என்று கேட்டோம், இப்போது கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்வோமே" என்றோம். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுதினோம். எழுத எழுத எங்கள் அபிப்பிராயம் மாறியது. அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கத்தான் இன்று நிற்கிறோம்.

வேலை போனால் வீடு போகும்

முதலில் ஒரு பழைய சங்கதி. எங்கள் பாட்டன் பாட்டி குடியிருந்த லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேதான் அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். அந்த நிலைமை அப்படியே நீடிக்கவில்லை. தொழிலாளர் போராடினார்கள், சங்கம் வாதாடியது, சட்டம் வந்தது. 1966-ம் ஆண்டில் தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். 1990-ம் ஆண்டில் அதைவிட விரிவான 446-வது சட்டம் வந்தது. 2019-ம் ஆண்டில் அதைத் திருத்தி, மற்றத் தொழில்களின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரித்தார்கள். தண்ணீர், வெளிச்சம், கழிப்பிடம், பிள்ளை மடுவம் என்று நாம் இன்று கேட்டு வாங்குகிறவற்றுக்கு அந்தச் சட்டங்கள் துணை நிற்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் சட்டம் வீட்டைச் செப்பனிட்டதே தவிர, வீட்டை நமதாக்கவில்லை. வீடு முதலாளியுடையது. வேலை உள்ளவரை வீடு. வேலை நின்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான்.

கிராணிமாருக்கு வேறு நியாயம் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்களுடைய குவாட்டர்சுக்கும் இதே விதிதான். லயத்துக்கு ஒரு மாதத் தவணை என்றால் எங்களுக்கு இரண்டு மாதம் கிடைக்கலாம். வித்தியாசம் அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில் நாங்கள் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறோம். முப்பத்து நான்கு ஆண்டு பால் வெட்டியவர் ஒருவர் காலமானார். அவருடைய மனைவி தனியாக இருந்தார். மகனுக்குப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. ஆகவே அந்த வீட்டில் தோட்டத்து வேலையாள் எவரும் இல்லை. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் போக வேண்டும் என்றார்கள். கடிதத்தைத் தட்டியது எங்கள் கைதான். மறுநாள் அந்த அம்மா அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசு வாசலுக்கு வந்தார். "மலாயில எழுதியிருக்கு தம்பி, என்னான்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். நாங்கள் தட்டிய கடிதத்தை நாங்களே படித்துச் சொன்னோம். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பின்னால முருங்கை இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தோழர்களே, அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று புரிந்தது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை குடியிருக்கலாம் என்பது வீடல்ல, தங்கல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

விலைச் சீட்டு முழுக் கணக்கல்ல

அப்படியானால் 60,000 வெள்ளிக்குக் கிடைக்கும் வீட்டை ஏன் யோசிக்க வேண்டும்? அது சொந்த வீடுதானே?

கேள்வி சரி. அதற்குத்தான் கணக்கு. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் மூன்று மடங்குக்குள் விலை இருந்தால் அது கட்டுபடியாகும் வீடு என்று வீட்டு வசதியை ஆராய்பவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதை வைத்துப் பார்த்தால் ஒருவர் சம்பாதிக்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 20,400 வெள்ளி. மூன்று மடங்கு 61,200. அந்த அளவுகோலின்படி 60,000 வெள்ளி வீடு மயிரிழையில் தேறுகிறது.

ஆனால் சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, பிடித்தம் போகிறது. மீதி 1,513. விலை முழுவதற்கும் 4 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக் கடன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 317 வெள்ளி கட்ட வேண்டும். கடன் தீரும்போது 60,000 வெள்ளி வீட்டுக்கு நாம் கொடுத்தது சுமார் 95,000 வெள்ளியாக இருக்கும்.

இதற்குமேல் வருவதைப் பாருங்கள். வேலை இங்கே, வீடு அங்கே. போக வர 60 கிலோமீட்டர். மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 39 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தாலும் 78 வெள்ளி. டயர், எண்ணெய், செயின் எல்லாம் தனி. அதோடு போகுமா? விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டியவர்கள், இருட்டில், மழையில், லாரிகளுக்கு நடுவே வர வேண்டும். அந்தச் செலவை எந்தக் காலத்தில் எழுதுவது?

அடுக்குமாடி என்றால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. 2013-ம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டப்படி, அந்தக் கட்டணத்துக்கு மேல் 10 விழுக்காடு, பெரிய பழுதுகளுக்கான ஒதுக்கு நிதிக்கும் கட்ட வேண்டும். அது தவறான ஏற்பாடு என்று நாங்கள் சொல்லவில்லை. பொதுக் கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் வேண்டும். ஆனால் விலைச் சீட்டில் அந்த எண் இல்லை. பாதிப்பேர் கட்டாமல் விட்டால், கட்டியவன் வீட்டுக்கும் தண்ணீர் ஏறாது. அதுவும் சீட்டில் இல்லை.

ஆகவே வீட்டுக்கு இரண்டு விலை உண்டு. வாங்கும் அன்று கொடுப்பது ஒன்று. குடியிருக்கும் முப்பது ஆண்டும் கொடுப்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் காட்டி, "மலிவு" என்பது வியாபாரியின் பேச்சு. இரண்டையும் கூட்டிப் பார்ப்பதுதான் குடும்பக்காரனின் கணக்கு.

வெயிலும் மழையும் கணக்கில் சேரும்

"சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வீடு" என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். விளம்பரங்களில் அப்படிப்பட்ட வீடுகளின் படத்தைப் பார்த்தால், அது பணக்காரர் விஷயம் என்று நமக்குத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். விசாரித்துப் பார்த்தபோது, அதில் பாதி நம் பாட்டன்மார் அறிந்ததாகவே இருந்தது.

பக்கத்துக் கம்பத்தில் பழைய மலாய் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கால்மேல் நிற்கும், தரைக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும். கூரை செங்குத்தாக இருக்கும், மழை தங்காது. கூரையின் இறக்கம் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும். வெயிலும் சாரலும் உள்ளே வராது. சன்னல்கள் எதிரெதிரே இருக்கும். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள். கால்மேல் நின்ற பழைய லயங்களைப்பற்றியும் நம் பெரியவர்கள் சொல்வார்கள்: அறை சிறியதுதான், ஆனால் கீழே கோழி மேயும், பிள்ளைகள் நிழலில் விளையாடுவார்கள் என்று.

பிறகு தாழ்ந்த தகரக் கூரையும் சிமெண்டுச் சுவருமாக வீடுகள் வந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடிகிறதா? ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. உடனே குளிர்சாதனம் வாங்குகிறோம். ஒரு கூரை விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் செலவாகும். மிகச் சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அந்தக் கட்டணத்தைக் கட்டுவது நாம். வீட்டைத் தப்பாகக் கட்டியவரல்ல.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் கிழக்கில் எழுந்து உச்சிவழியாக மேற்கே இறங்குகிறது. ஆகவே வீட்டு வரிசையின் நீண்ட பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்திருக்க வேண்டும். குறுகிய பக்கம் கிழக்கும் மேற்கும் இருக்க வேண்டும். கூரையின் இறக்கம் மூன்றடியாவது வெளியே நீள வேண்டும். தகரத்துக்கு வெளிர் நிறம் பூசி, அடியில் பலகை கட்டி, இடையில் சூடு வெளியேற வழி வைக்க வேண்டும். மேற்குப் பக்கம் ஒரு பலா, ஒரு முருங்கை. வரைபடம் போடும்போதே இவற்றைச் சொன்னால் செலவு கொஞ்சம்தான். கட்டி முடித்தபின் மாற்றுவதானால் கைப்பணம் கரையும்.

அடுத்தது மழை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, நமக்கு நஷ்டம். அந்த மழையிலிருந்து ஏதாவது லாபமும் எடுக்கலாமல்லவா? ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 700 சதுர அடி வீட்டின் கூரை ஏறக்குறைய 65 சதுர மீட்டர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே வைத்தாலும் 130,000 லிட்டர். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 350 லிட்டர். அதில் ஒரு பங்கு வழிந்து போனாலும் துணி துவைக்க, கழிப்பறைக்கு ஊற்ற, செடிக்கு விடத் தாராளம். குடிக்கக் கூடாது, குடிநீர் குழாய் நீர்தான். தொட்டிக்கு மூடியும் சல்லடை வலையும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் தண்ணீரோடு டிங்கிக் கொசுவையும் சேர்த்து வளர்த்தவர்களாவோம்.

மழையின் மற்றொரு முகத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை மறந்தவர் யார்? ஷா ஆலம் பக்கத்தில் கூரைமேல் ஏறி நின்றவர்கள் கடன் கட்டி வீடு வாங்கியவர்கள்தாம். ஒரே நாளில் மெத்தை, அலமாரி, குளிர்பெட்டி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் சேறாயின. வீடு போனாலும் கடன் போகவில்லை. பட்டணத்து ஓரத்தில் நமக்குக் காட்டப்படும் இடத்தை நாங்கள் போய்ப் பார்த்தோம். ஆற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கிறது. மாடியில் இருப்பவர் தப்பலாம். கீழ் வீட்டுக்காரரும், கீழே நிற்கும் மோட்டார் சைக்கிள்களும் தப்புமா? பள்ளத்து நிலம் மலிவு என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நம் தலையில் விடியக் கூடாது.

நம் காலடி மண்ணும் நாம் வெட்டிய மரமும்

எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்விக்கு வருவோம். உலகம் முழுதும் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிமெண்டே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அடித்தளத்துக்கும் தூணுக்கும் அது வேண்டும். சுவர் முழுவதற்கும் வேண்டுமா என்பதே கேள்வி.

செம்மண்ணில் சிறிது சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்தி, சூளையில் சுடாமல், நிழலில் ஈரம் காத்து உலர்த்திச் செய்யும் கல் ஒன்று உண்டு. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்தால் இடையில் பூசும் சாந்தும் மிச்சம். மண்ணைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்; எல்லா மண்ணும் தகாது. அடித்தளம் உயர்ந்து, கூரை இறக்கம் நீண்டு, சுவர் நனையாமல் இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடு செய்தால் அது நல்ல சுவர்.

மரத்துக்கு எங்கே போவது? நாம் நிற்கிற இடத்தைப் பாருங்கள்! கித்தா மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்துவிட்டு ஓய்கிறது. பழைய நாளில் வெட்டிப்போட்ட மரத்தை எரித்தார்கள். புகைவீட்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போட்டார்கள். பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும், அது உதவாத மரம் என்றார்கள். பிறகு, வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போரிக் உப்பு ஏற்றி, உலர்த்தும் அறையில் காயவைத்தால் அது நல்ல மரம் என்று கண்டார்கள். 1980-களிலிருந்து மலேசிய நாற்காலிகளும் மேசைகளும் உலகம் சுற்றுவது அந்த மரத்தால்தான். காட்டுமரம் வெட்ட வேண்டியதில்லை என்பது கூடுதல் நன்மை. வெளியே மழையில் நனையும் இடத்துக்கு அது ஆகாது. உள்கதவு, அலமாரி, சமையலறைப் பலகை, கட்டில் இவற்றுக்கு நன்றாக ஆகும். கீழ் டிவிஷனில் விழப்போகும் மரங்கள் நாம் நிரை பிடித்து வெட்டிய மரங்கள். அவற்றில் கொஞ்சம் நம் வீட்டுக் கதவாக வரட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லயங்களைப் பிரிக்கும்போது, கூரைத் தகடு நமக்கு ஆகும் என்று சிலர் உடைத்து எடுக்க நினைப்பீர்கள். பழைய சிமெண்டுத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதை உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். கோழிக்கூட்டுக்குக்கூட அது வேண்டாம். அதை அப்புறப்படுத்துவது தெரிந்தவர்கள் வேலை. அந்தச் செலவு நிர்வாகத்தின் செலவு.

நிலமே முதல்

தோழர்களே, சுவரும் கூரையும் எவ்வளவு மலிவானாலும் நிலம் எட்டாவிட்டால் வீடு எட்டாது. இதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரில் 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1961 மே 25-ந் தேதி, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தை அரசு எடுத்து மாடி வீடுகள் கட்டியது. 1966-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தைக் கையில் கொடுத்தது. 1968-ம் ஆண்டிலிருந்து தொழிலாளர் தங்கள் மத்திய சேமநிதிப் பணத்தைக்கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. அங்கே நடந்ததெல்லாம் நமக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. அது நகரம், இது தோட்டம். ஆனால் பாடம் ஒன்றே: நிலத்தை முதலில் பிடி, வீடு பின்னால் வரும்.

நம் வரலாறும் அதையே சொல்கிறது. 1950-களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோய் ஆயிரமாயிரம் பேர் தெருவில் நின்றார்கள். அப்போது பிறந்ததுதான் 1960-ம் ஆண்டில் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் போட்ட பணம் தோட்டங்களாக மாறியது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி முதலில் வாங்கியது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது சிறிய பணமா? ஒருவர் போட்டிருந்தால் அது பத்து வெள்ளியாகவே இருந்திருக்கும். எல்லோரும் போட்டதால் நிலமாயிற்று.

நாம் கேட்பது என்ன?

தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால் மேட்டு நிலம் இருக்கிறது. 2021 வெள்ளத்திலும் அங்கே தண்ணீர் ஏறவில்லை, உங்களுக்கே தெரியும். மனை ஒன்று இருபதுக்கு எழுபதடி என்றால் 1,400 சதுர அடி. 84 மனைக்கு 117,600 சதுர அடி. ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. ஆக, மனைக்கு வேண்டியது இரண்டே முக்கால் ஏக்கர்கூட இல்லை. சாலை, சாக்கடை, பிள்ளைகள் விளையாட்டிடம், காய்கறித் தோட்டம் எல்லாவற்றுக்கும் அதே அளவு சேர்த்தாலும் ஐந்தரை ஏக்கர். நாம் ஆறு ஏக்கர் கேட்கிறோம். விற்கப்போகும் நிலத்தின் பக்கத்தில் இது ஓர் ஓரம்.

செயற்குழு எழுதியிருக்கும் கோரிக்கைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, அந்த ஆறு ஏக்கரும் தொழிலாளரின் நெடுங்கால உழைப்பைக் கருதி வீட்டு நிலமாக ஒதுக்கப்பட வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற மாநில அரசுக்கும் மனுப் போகும்.

இரண்டாவது, பட்டா குடியிருப்பவர் பெயரில் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். முருங்கை நட்ட அந்த அம்மாவை நினைத்து எழுதிய வரி இது.

மூன்றாவது, வீடு எப்படி நிற்க வேண்டும் என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். திசை, கூரை இறக்கம், மழைத்தொட்டி, தரை உயரம் எல்லாம் வரைபடத்தில் வர வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை நாம் நிறையக் கேட்டுவிட்டோம்.

நான்காவது, விலை ஒருவர் சம்பளத்தின் மூன்று ஆண்டுத் தொகையைத் தாண்டக் கூடாது. மீதியை நிலத்தை வாங்கி மேம்படுத்துபவரும் அரசும் ஏற்க வேண்டும். பெரிய வீடமைப்புக்கு அனுமதி கொடுக்கும்போது ஒரு பங்கை மலிவு விலை வீடாகக் கட்டச் சொல்லும் நிபந்தனை மாநிலங்களில் உண்டு. அந்தப் பங்கைப் பள்ளத்தில் வைக்காமல் மேட்டில் வை என்பதே நம் வாதம்.

ஐந்தாவது நமக்கு நாமே வைக்கும் கோரிக்கை. வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி பழுதுநிதி. 84 வீட்டுக்கு மாதம் 1,680 வெள்ளி, ஆண்டுக்கு 20,160, பத்தாண்டில் இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல். கூட்டுறவாகப் பதிவு செய்து, கணக்கை ஆண்டுதோறும் இதே கொட்டகையில் படிப்போம். கிராணிமாரும் இதில் சேர்ந்தே இருக்கிறோம்.

முதல் பணத்துக்கு ஒரு வழி சொல்கிறோம். 2024 மே மாதத்தில் ஊழியர் சேமநிதிக் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். அவரவர் மீதித் தொகையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பாரம் நிரப்ப நாங்கள் மாலை வேளையில் சங்க அறையில் இருப்போம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

கடைசி வரிசையில் நிற்கும் தம்பிமார் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. "எங்களுக்குப் பட்டணத்தில் வேலை. அடுக்குமாடி எங்களுக்கு நல்லதுதானே?" நியாயமான கேள்வி. அங்கே வேலை செய்பவருக்கு அந்தப் பயணக் கணக்கு தலைகீழாகும். ஆகவே யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. அடுக்குமாடி வேண்டுபவர் எடுத்துக்கொள்ள உரிமை இருக்கட்டும். ஆனால் அவர்களும் கீழ் மாடியின் நிலையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். வேண்டாதவரை அங்கே தள்ளுவதற்கு நம் கையெழுத்து உதவக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. மேட்டு நிலத்து வீடு ஓராண்டில் வராது. மனு, நில மாற்றம், வரைபடம், கட்டுமானம் என்று மூன்றாண்டு ஆகலாம். அதுவரை லயத்தை இடிக்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்கிறோம். இடையில் சிலர் மனம் தளரலாம். சாவியை ஆட்டிக் காட்டுபவர்களும் வரலாம். நாற்பது பேர் அங்கே, நாற்பது பேர் இங்கே என்று பிரிந்தால் மேட்டு நிலமும் கிடைக்காது, பள்ளத்து வீட்டின் விலையும் குறையாது.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முதுமொழி. நாம் கேட்பது சிறிய வீடு. ஆனால் அது குளிர்ந்த வீடாக, நனையாத வீடாக, வேலைக்குப் பக்கத்து வீடாக, வேலை போனாலும் போகாத வீடாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடுதான் பூமிக்கும் நல்லது, நம் பைக்கும் நல்லது. எங்கள் தாளில் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தன.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் வாக்கெடுப்பு. வீட்டுக்கு ஒருவர் என்று வராதீர்கள். ஆணும் பெண்ணும் இருவருமாக வாருங்கள். அடுப்படியில் சூட்டில் நிற்பவருக்கு வீட்டைப்பற்றிச் சொல்ல அதிகம் இருக்கும். இன்று இரவு அவரவர் வீட்டில் ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். பிழை இல்லையென்றால் கையை உயர்த்துங்கள்.



ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!